காலி நாற்காலிக்கு உங்கள் ஓட்டு

மத்தியப் பிரதேசத்துச் சிறு நகரங்களில் கொஞ்ச காலம் ஓர் அருமையான வேட்பாளர் போட்டியிட்டு வந்தார். அவர் மீது வழக்கு எதுவும் கிடையாது. மைத்துனர் பெயரில் ஒப்பந்த நிறுவனம் கிடையாது. குடிநீர் இணைப்புக்குக் கை நீட்டியதில்லை. நீட்டக் கையே கிடையாது. கட்சி மாறியதில்லை, வாக்குறுதி தந்ததில்லை, தெருவுக்குத் தெரு தன் படம் போட்ட பிளக்ஸ் வைத்ததில்லை. அவர் பெயர் காலி நாற்காலி.

இது கட்டுக்கதை இல்லை. அந்த மாநிலத்து நகராட்சிச் சட்டத்தின் 47ஆம் பிரிவு, மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த நகர்மன்றத் தலைவரை மக்களே ஓட்டுப் போட்டுத் திரும்ப அழைக்கலாம் என்றது. வாக்குச்சாவடிக்குப் போனால் இரண்டே சின்னங்கள். ஒன்றில் ஆள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி, மற்றதில் வெறும் நாற்காலி. இருப்பவர் இருந்து தொலையட்டும் என்று தோன்றினால் முதலாவது, எழுந்து போகட்டும் என்றால் இரண்டாவது. 2001இல் அனூப்பூரில் முதல் முறையாக வெறும் நாற்காலி ஜெயித்தது. அதன் பிறகு வேறு ஊர்களிலும் இந்தப் போட்டி நடந்தது. சில இடங்களில் ஆள் ஜெயித்தார், சில இடங்களில் மரம் ஜெயித்தது.

உலகத்துத் தேர்தல் சின்னங்களிலேயே இவ்வளவு நேர்மையான சின்னம் வேறு இருக்குமா என்று தெரியவில்லை. சூரியனுக்கும் இலைக்கும் தாமரைக்கும் கைக்கும் ஓட்டுப் போட்டு நாம் கடைசியில் தேர்ந்தெடுப்பது ஒரு நாற்காலிக்கான ஆளைத்தானே. அங்கே நேராகவே நாற்காலியை வரைந்துவிட்டார்கள்.

ஆனால் இந்தத் தேர்தலை யார் கேட்டு வாங்கலாம் என்று சட்டத்தில் பார்த்தால் சிரிப்பு அடங்கிவிடும். வாக்காளர் கேட்க முடியாது. கவுன்சிலர்களில் நான்கில் மூன்று பங்குப் பேர் கையெழுத்துப் போட்டு ஆட்சியரிடம் கொடுக்க வேண்டும். ஆட்சியர் சரிபார்த்து அரசுக்கு அனுப்ப வேண்டும். அரசு தேர்தல் ஆணையத்துக்குச் சொல்ல வேண்டும். இவ்வளவும் தலைவர் பதவியேற்று இரண்டு ஆண்டு முடிந்த பிறகுதான், அதுவும் பதவிக்காலத்தில் ஒரே ஒரு முறைதான். எல்லாம் கூடி வந்தபின் கடைசியில் வாக்காளரைக் கூப்பிடுவார்கள், பத்திரப் பதிவு அலுவலகத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடக் கூப்பிடுவதுபோல.

இதன் பொருளை நகராட்சி வாசலில் டீ விற்பவர் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார். தலைவர் கொள்ளையடித்து அதில் கவுன்சிலர்களுக்கும் பங்கு வைத்தால், ஊரே பொங்கினாலும் வாக்குப்பெட்டி வராது. தலைவர் கொள்ளையும் அடிக்காமல் பங்கும் தராமல் இருந்தால், இரண்டு ஆண்டு முடிந்த மறுநாள் மனு தயார். ஊழலை ஒழிக்கக் கொண்டுவந்த சட்டம் என்று மேடையில் சொன்னார்கள். எந்த ஊழலை என்று யாரும் கேட்கவில்லை. பங்கு பிரிப்பதில் நடக்கும் ஊழல்தான் கவுன்சிலர் அகராதியில் ஊழல்.

அதுவும் நீடிக்கவில்லை. 2022 தேர்தலில் அங்கே நகர்மன்றத் தலைவர்களைக் கவுன்சிலர்களே தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. மக்கள் தேர்ந்தெடுக்காதவரை மக்கள் எப்படித் திரும்ப அழைப்பது? நாற்காலிச் சின்னத்துக்கு வேலை போயிற்று. மிஞ்சியது நம்பிக்கையில்லாத் தீர்மானம். இரண்டு ஆண்டு முடிந்து ஊர் ஊராகக் கவுன்சிலர்கள் கையெழுத்து வேட்டைக்குக் கிளம்பிய 2024இல், தீர்மானம் கொண்டுவரக் காத்திருக்க வேண்டிய இரண்டு ஆண்டை மூன்றாக நீட்டினார்கள். நாற்காலியில் இருப்பவர் ஆளும் கட்சியாக இருந்தால் சட்டத்துக்கும் எவ்வளவு கனிவு வந்துவிடுகிறது!

சரி, அது வடக்கே. நம் ஊருக்கு வருவோம்.

தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவரையோ நகர்மன்றத் தலைவரையோ வாக்காளர் திரும்ப அழைக்கச் சட்டம் இல்லை. இதைக் குறை என்று நினைப்பவர்கள் இந்த மண்ணின் நிர்வாகத் திறமை தெரியாதவர்கள். இங்கே திரும்ப அழைக்கும் அதிகாரம் ஆட்சியருக்கு இருக்கிறது, துணைத் தலைவருக்கு இருக்கிறது, ஊராட்சிச் செயலருக்கு இருக்கிறது, கட்சித் தலைமைக்கு இருக்கிறது, ஊர்ப் பெரியவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் சாதிக்கு இருக்கிறது. தலைவர் பெண் என்றால் அவர் வீட்டுக்காரருக்கும் இருக்கிறது. பாக்கி ஒரே ஒருவருக்குத்தான் இல்லை. அவருக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை விரலில் மை வைத்து அனுப்பிவிடுகிறோம், போதாதா?

முதலில் ஆட்சியர். 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆம் பிரிவு, ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் மாவட்ட ஆட்சியருக்கு ஊராட்சித் தலைவரைப் பதவியிலிருந்து நீக்கும் அதிகாரம் தருகிறது. தலைவர் சட்டத்தை மீறினார், அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினார் என்று ஆட்சியர் கருதினால் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்புவார். விளக்கம் திருப்தி இல்லையென்றால் வட்டாட்சியர் வந்து வார்டு உறுப்பினர்களைக் கூட்டிக் கருத்துக் கேட்பார். கேட்டதை எழுதி அனுப்புவார். முடிவு ஆட்சியருடையது. பிடிக்காவிட்டால் தலைவர் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம், அதாவது ஆட்சியரை நியமித்தவர்களிடம். இந்த ஏற்பாட்டில் ஓட்டுப் போட்ட இரண்டாயிரம் பேர் எங்கே வருகிறார்கள்? கூட்டம் நடக்கும் கட்டடத்துக்கு வெளியே, வேப்பமரத்தடியில்.

அண்மையில் குடிமைப் பணித் தேர்வு எழுதி வந்த, அந்த ஊரில் ஒரு நாளும் குடியிருக்காத ஓர் இளைஞர், அந்த ஊர் மக்கள் வரிசையில் நின்று தேர்ந்தெடுத்த அம்மாளை ஒரு கையெழுத்தில் வீட்டுக்கு அனுப்பலாம். அந்த இளைஞர் தவறு செய்தால் அவரை அந்த அம்மாள் என்ன செய்யலாம்? சால்வை போர்த்தலாம்.

205 என்பது பெரிய ஆயுதம், அடிக்கடி எடுக்கமாட்டார்கள். அன்றாடப் புழக்கத்துக்கு ‘செக் பவர்’ இருக்கிறது. ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவர் கையெழுத்து மட்டும் போதாது, துணைத் தலைவரும் போட வேண்டும். ஒருவரை ஒருவர் கண்காணிக்கட்டும் என்று நல்ல எண்ணத்தில் வைத்தது. நல்ல எண்ணம் கிராமத்துக்குள் நுழைந்ததும் என்ன ஆகிறது பாருங்கள். தலைவர் பதவி பட்டியல் சாதிக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. துணைத் தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு இல்லை. ஊரின் நிலம், ரைஸ் மில், வட்டிக் கடை எல்லாம் யார் கையில் இருக்கிறதோ அந்த வீட்டு ஆள் துணைத் தலைவராகிறார். துப்புரவுப் பணியாளருக்குச் சம்பளம் போட வேண்டும், மோட்டார் காயில் எரிந்துவிட்டது, தெருவிளக்குக்குப் பல்பு வேண்டும். தலைவரம்மா கையெழுத்துப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார். “அவர் வெளியூர் போயிருக்கார்”, “வெள்ளிக்கிழமை வாங்க”, “அந்தத் தெருவுக்கு எதுக்கு இப்ப லைட்டு?” ஒரு மாதம், இரண்டு மாதம். அப்புறம் குடிதண்ணீர் வரவில்லை என்று ஊர் மறியல் செய்கிறது. யாருக்கு எதிராக? தலைவருக்கு எதிராக. மறியலை முன்னின்று நடத்துபவர் யார்? துணைத் தலைவர்.

அதன் பிறகு நிர்வாகச் சீர்கேடு என்று ஆட்சியர் தலைவரின் செக் பவரை நிறுத்தி வைத்து அதிகாரி ஒருவரிடம் கொடுப்பார். தலைவர் பதவியில் இருப்பார், பெயர்ப் பலகை இருக்கும், பதவி மட்டும் இருக்காது. இந்த நிலைக்கு மத்தியப் பிரதேசத்துக்காரர்கள் சின்னம் வரையவில்லை. ஆள் உட்கார்ந்திருக்கிறார், ஆனால் நாற்காலி காலி. எப்படி வரைவது?

நாற்காலி என்று பேச்சுக்குச் சொல்கிறேன். நாற்காலியே இல்லாத ஊராட்சிகளும் இருக்கின்றன. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சிக் கூட்டத்தின் படம் வெளிவந்தது. மற்றவர்கள் நாற்காலியில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவர் தரையில். படம் வெளிவந்து நாடே பார்த்த பிறகுதான் துணைத் தலைவர் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு, ஊராட்சிச் செயலர் பணியிடை நீக்கம், அதிகாரிகளின் அதிர்ச்சி எல்லாம். அதிகாரிகளின் அதிர்ச்சியைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். ஒன்றியத்திலிருந்து வாராவாரம் ஜீப் போகும் ஊரில் ஒரு தலைவர் தரையில் உட்கார்ந்திருப்பது ஜீப்பில் போனவர் யார் கண்ணிலும் படவில்லை. செல்போன் படத்தில் பார்த்ததும் நெஞ்சு பதறிவிட்டது!

அதே 2020இல் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் பட்டியல் சாதி ஊராட்சித் தலைவரைச் சுதந்திர தினத்தன்று கொடியேற்ற விடவில்லை. செய்தி வந்தது. சில நாள் கழித்து ஆட்சியர் முன்னிலையில், போலீஸ் காவலோடு, அவர் கொடியேற்றினார். அவருக்கு மட்டும் சுதந்திரம் ஆகஸ்ட் 20ஆம் தேதி கிடைத்தது. 2022இல், நாடு 75ஆம் ஆண்டு விழா கொண்டாடிக்கொண்டிருக்கும்போது, ஊராட்சித் தலைவர்கள் சாதிப் பாகுபாடு இல்லாமல் கொடியேற்றுவதை உறுதி செய்யுங்கள் என்று தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளர் ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. அந்த ஆண்டு தமிழ்நாடு தீண்டாமை ஒழிப்பு முன்னணி 386 ஊராட்சிகளில் நடத்திய ஆய்வில், 22 ஊராட்சிகளில் பட்டியல் சாதித் தலைவருக்கு உட்கார நாற்காலி இல்லை என்று தெரிந்தது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி என்ன விலை? கல்யாண மண்டபத்தில் வாடகைக்கு எடுத்தால் ஒரு டீக்காசு. சமூக நீதியின் தலைநகரம் என்று மூச்சுக்கு மூச்சு சொல்லிக்கொள்ளும் மாநிலத்தால் அந்த டீக்காசுக்கு வழி காண முடியவில்லை.

இனி, திரும்ப அழைப்பதில் இந்த மாநிலம் உலகத்துக்கே பாடம் எடுக்கக்கூடிய இடத்துக்கு வருகிறோம்.

1996இல் மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் சாதிக்கு ஒதுக்கப்பட்டது. பத்தாண்டு காலம் அங்கே தலைவர் இல்லை. ஒன்று, யாரும் மனுத் தாக்கல் செய்யமாட்டார்கள். அல்லது ஊரே பார்த்து ஓர் ஆளைப் பிடித்து நிறுத்தும், ஜெயிக்க வைக்கும், பதவியேற்ற கையோடு ராஜினாமா கடிதத்தில் கையெழுத்து வாங்கும். தேர்தல் ஆணையம் மறுபடி அறிவிக்கும். ஊர் மறுபடி அதே நாடகத்தைப் போடும். நான்கில் மூன்று பங்குக் கவுன்சிலர் தேவையில்லை, ஆட்சியர் நோட்டீஸ் தேவையில்லை, இரண்டு ஆண்டுக் காத்திருப்பு தேவையில்லை. ஊராட்சிகளில் ஒதுக்கீடு தந்த அரசியல் சட்டத்தின் 73ஆவது திருத்தத்தை ஒரு வெள்ளைத் தாளில் திருப்பி அனுப்பினார்கள். இரண்டு கழகங்களும் மாறி மாறி ஆண்ட பத்து ஆண்டுகள் அவை. அந்த வட்டாரத்து ஓட்டு எவ்வளவு என்று இரண்டுக்கும் தெரியும். அந்த ஊர்ப் பட்டியல் சாதி மக்களின் ஓட்டு எவ்வளவு என்பதும் தெரியும். கூட்டிக் கழித்துப் பார்த்துச் சும்மா இருந்தார்கள்.

2006இல் தேர்தல் நடந்தது, தலைவர்கள் பதவியில் இருந்தார்கள். அரசு சென்னையில் சமத்துவப் பெருவிழா எடுத்து நால்வரையும் பாராட்டியது. பத்து ஆண்டாகச் செய்ய வேண்டிய வேலையை ஒரு நாள் செய்துவிட்டு, அதற்கு விழாவும் எடுத்துக்கொள்ள நம்மால்தான் முடியும்.

அதே மதுரை மாவட்டத்தில் தலைவர் பதவி பட்டியல் சாதிக்கு ஒதுக்கப்பட்ட இன்னொரு ஊராட்சியான மேலவளவில் ராஜினாமா கடிதம் போதவில்லை. அங்கே தலைவராக ஜெயித்த முருகேசன் பதவியில் நிற்பேன் என்றார். 1997 ஜூன் 30 அன்று, அவர் வந்த பேருந்தை மறித்து, அவரையும் அவரோடு இருந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். முருகேசனின் தலையைத் துண்டித்தார்கள். இந்த நாட்டின் உள்ளாட்சி வரலாற்றில் மிக முழுமையாக நிறைவேறிய திரும்ப அழைப்பு அதுதான். 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2008இல் அண்ணா நூற்றாண்டுக்காக 3 பேரைத் தி.மு.க. அரசு விட்டது. 2019இல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டி 13 பேரை அ.தி.மு.க. அரசு விட்டது. எதிலும் ஒத்துப்போகாத இரண்டு கட்சிகள் இதில் ஒத்துப்போயின. ஆயுள் தண்டனையிலும் திரும்ப அழைக்கும் உரிமை இருக்கிறது, அதைப் பயன்படுத்த ஒரு தலைவரின் பிறந்தநாள் போதும். நூற்றாண்டு விழாவுக்கு முருகேசன் வீட்டாருக்கு அழைப்பு போனதா?

திருநெல்வேலி அருகே தாழையூத்து ஊராட்சித் தலைவர் கிருஷ்ணவேணியை 2011 ஜூனில் வழிமறித்து வெட்டினார்கள். அவர் பிழைத்தார். குற்றவாளிகளுக்குத் தண்டனை கிடைக்க 2024 நவம்பர் ஆயிற்று. பதவிக்காலம் ஐந்து ஆண்டு, வழக்குக் காலம் பதின்மூன்று ஆண்டு. இப்படிப்பட்ட ஊர்களில் நின்று ஜெயிக்கும் பெண்களுக்கு வேட்புமனுவோடு ஒரு தலைக்கவசமும் தர வேண்டும்.

நகரத்துப் பக்கம் வந்தால் அரிவாள் குறைவு, ரிசார்ட் அதிகம். நகர்மன்றத் தலைவரையும் மேயரையும் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதால் கவுன்சிலர்களே இறக்கவும் செய்யலாம். இதில் நம் ஆட்சியாளர்களின் தடுமாற்றம் வரலாற்றில் பதிய வேண்டியது. 1996, 2001 தேர்தல்களில் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2006இல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 2011இல் மறுபடி மக்கள். 2022இல் மறுபடி கவுன்சிலர்கள். எது மக்களாட்சிக்கு நல்லது என்று ஒவ்வொரு முறையும் ஆழ்ந்து ஆராய்ந்துதான் மாற்றினார்கள். ஆராய்ச்சி முடிவு ஒவ்வொரு முறையும் ஆளும் கட்சிக்கு வசதியாக வந்தது தற்செயல்.

மறைமுகத் தேர்தல் வந்ததும் ஒரு நகர்மன்றத் தலைவரின் வாழ்க்கை எப்படி ஆகிவிடுகிறது? காலையில் எழுந்ததும் கவுன்சிலர்களை எண்ண வேண்டும். வார்டுக்கு எத்தனை டெண்டர், டெண்டருக்கு எத்தனை சதவீதம், யாருக்குக் கொடுத்தது, யார் முகம் சுளித்தார் என்று கணக்கு வைக்க வேண்டும். குப்பைக் கிடங்கு எரிந்தால் அது அவசரமில்லை. பதினான்காவது வார்டு கவுன்சிலரின் போன் அணைந்து கிடந்தால் அவசரம். கவுன்சிலர்கள் நான்கைந்து பேர் சேர்ந்தாற்போல் ‘குடும்பத்தோடு கோயிலுக்கு’ போனால் தலைவருக்கு இரவில் தூக்கம் வராது. 2017இல் கூவத்தூர் ரிசார்ட் சட்டமன்ற உறுப்பினர்களுக்குக் கற்றுக்கொடுத்த வித்தை இன்று பேரூராட்சி வரை இறங்கிவிட்டது. அதிகாரப் பரவல் என்பதை நாம் இந்த ஒரு துறையில் முழுமையாகச் சாதித்திருக்கிறோம்.

2024இல் காஞ்சிபுரத்தில் மேயர் மீது சொந்தக் கட்சிக் கவுன்சிலர்களே நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொடுத்தார்கள். ஜூலையில் வாக்கெடுப்பு நாள் வந்தது. உறுப்பினர்கள் வரவில்லை, தீர்மானம் தோற்றது. மேயர் மீதான புகார் பொய்யா? உண்மை என்றால் ஏன் வரவில்லை? பொய் என்றால் ஏன் கையெழுத்துப் போட்டார்கள்? காஞ்சிபுரத்துக் குடிமகனுக்கு யாரும் இதைச் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய கடமையும் இல்லை. அதே மாதம் கோவை மேயரும் நெல்லை மேயரும் ராஜினாமா செய்தார்கள். மறு ஆண்டு சங்கரன்கோவில் நகர்மன்றத் தலைவர் தீர்மானத்தில் பதவி இழந்தார். இந்த ஊர்களில் சாக்கடை என்ன ஆயிற்று, தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வந்தது என்பதற்கும் இவர்கள் போனதற்கும் வந்ததற்கும் தொடர்பு உண்டா என்று கேட்டால், கேட்பவரைப் பார்த்துக் கட்சிக்காரர் சிரிப்பார். அவர்களுக்கு மேலேயிருந்து போன் வந்தது. அல்லது வரவில்லை.

எல்லாரையும்விடப் பெரிய கை அரசுடையது. ஒருவர் ஒருவராக அழைத்துக்கொண்டிருக்க அதற்கு நேரமில்லை, மொத்தமாக அழைத்துவிடும். மஸ்டர் ரோல் ஊழல் என்று 1973இல் கலைத்த சென்னை மாநகராட்சி மன்றத்துக்கு மறு தேர்தல் 1996இல் நடந்தது. அந்த ஊழல் வெடித்தபோது பிறந்த குழந்தை ஓட்டுப் போடும் வயதையும் தாண்டிவிட்டது. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் நீதிமன்றத்தில் நின்றது. ஊரகப் பகுதிகளுக்கு 2019 டிசம்பரில், அதுவும் 27 மாவட்டங்களுக்கு மட்டும் நடந்தது. மிச்சம் 9 மாவட்டங்களுக்கு 2021 அக்டோபர். நகரங்களுக்கு 2022 பிப்ரவரி. 2016இல் பதவிக்காலம் முடிந்த நகராட்சிக்கு 2022 வரை யார் தலைவர்? தனி அலுவலர். 2025 ஜனவரி 5 அன்று அந்த 27 மாவட்டங்களின் ஊராட்சித் தலைவர்கள் பதவிக்காலம் முடிந்து இறங்கினார்கள். அடுத்து உட்கார்ந்தது மக்கள் தேர்ந்தெடுத்த ஆளா? இல்லை, மறுபடி தனி அலுவலர்தான். ஆயிரக்கணக்கான நாற்காலிகள் ஒரே நாளில் காலி, ஒரு ஓட்டுக் கூட எண்ணாமல். உள்ளாட்சியின் காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியல் சட்டம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சொல்லிவிட்டுப் போகட்டும்.

இவ்வளவையும் எழுதும்போது சிலர் கேட்பார்கள்: அப்படியானால் வாக்காளருக்கே திரும்ப அழைக்கும் உரிமையைக் கொடுத்துவிடலாமே? 1974இல் பீகாரில் ஜெயப்பிரகாஷ் நாராயண் கேட்டதும் அதுதானே? ஹரியானா 2020இல் கொடுத்துவிட்டதே?

கொடுக்கலாம். எனக்கு அதில் ஆசை உண்டு. ஆனால் முதலில் யாரைத் திரும்ப அழைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஹரியானாவில் ஊராட்சித் தலைவரை இறக்கும் வாக்கெடுப்பைக் கேட்க 33 சதவீத வாக்காளர் மனுக் கொடுத்தால் போதும். ஒரு கிராமத்தில் 33 சதவீதம் என்பது என்ன? பல ஊர்களில் ஒரே சாதி. ரைஸ் மில்காரர் வீட்டுத் திண்ணையில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் கையெழுத்து நிறைந்துவிடும். மகாராஷ்டிரத்தில் விச்கேடா என்ற ஊரில் ஒரு பெண் ஊராட்சித் தலைவரை, மாமியாரோடு அரசு நிலத்தில் குடியிருக்கிறார் என்று சொல்லி இறக்கினார்கள். 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அவரை மறுபடி உட்கார வைத்தது. பெண் தலைவராக இருப்பதை ஊரால் தாங்க முடியவில்லை என்பதையும் எழுதியது. இரண்டு மாதம் கழித்துச் சத்தீஸ்கரின் சாஜ்பஹார் ஊராட்சியின் இளம் பெண் தலைவரை, கட்டட வேலை தாமதம் என்று அதிகாரிகள் நீக்கிய வழக்கு அதே நீதிமன்றத்துக்கு வந்தது. அந்த மாநில அரசுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம். கட்டடம் எழ ஒப்பந்ததாரர் வேண்டும், பொறியாளர் வேண்டும், பொருள் நேரத்துக்கு வர வேண்டும், மழை ஒத்துழைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் பொறுப்பு அந்தப் பெண். இந்த நாட்டில் கட்டட வேலை தாமதத்துக்காகப் பதவி போகும் என்றால் டெல்லியில் எத்தனை நாற்காலி மிஞ்சும்?

ஆகவே நான் கேட்பது கொஞ்சம் வேறு. வாக்காளருக்கு அந்த உரிமையைக் கொடுங்கள், ஆனால் கீழே இருந்து தொடங்காதீர்கள். ஊராட்சித் தலைவருக்குச் சம்பளம் கிடையாது, அற்ப மதிப்பூதியம்தான்; செக்கில் இன்னொருவர் கையெழுத்து, தலைக்கு மேல் ஆட்சியர், பக்கத்தில் செயலர், பின்னால் சாதி. அந்த அம்மாளைத் திரும்ப அழைக்கத்தான் நாட்டில் இத்தனை வழி. சட்டமன்ற உறுப்பினரைத் திரும்ப அழைக்க ஒரு வழி சொல்லுங்கள். நாடாளுமன்ற உறுப்பினரை? அவர்கள்தான் அந்த அம்மாளைத் திரும்ப அழைக்கச் சட்டம் எழுதுகிறவர்கள். தங்களுக்கு எழுத மறந்துவிட்டார்கள், பாவம், வேலைப் பளு. 1974இல் சி.கே. சந்திரப்பன் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார், தோற்றது. பின்னாளில் வருண் காந்தியும் ஒன்றைக் கொண்டுவந்து பார்த்தார், அதுவும் நகரவில்லை. முதலில் அங்கிருந்து ஆரம்பிக்கலாம். கோட்டையில் ஒரு காலி நாற்காலியும் டெல்லியில் ஒரு காலி நாற்காலியும் ஜெயிக்கட்டும். அப்புறம் தெற்குத்திட்டைக்கு வருவோம். அங்கே திரும்ப அழைக்கும் முன்பு உட்கார ஒன்று வாங்கிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

அதுவரை உள்ளூரில் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. 205ஆம் பிரிவில் ஆட்சியர் முடிவெடுக்கும் முன், வட்டாட்சியர் வார்டு உறுப்பினர்களைக் கூட்டுவதற்குப் பதிலாகக் கிராம சபையைக் கூட்டட்டும். ஓட்டுப் போட்டவர்கள் ரகசிய வாக்கில் சொல்லட்டும். தலைவர் பட்டியல் சாதி என்றால், நீக்கச் சொல்லி மனுக் கொடுத்தவர்களைத் துணைத் தலைவரின் இரண்டாம் கையெழுத்து எத்தனை முறை தாமதமானது என்ற கணக்கோடு சேர்த்து விசாரிக்கட்டும். பெரிய புரட்சி எதுவும் இல்லை, சட்டத்தில் நான்கைந்து வரிகள்.

இதை மனுவாக எழுதிக் கொடுக்கலாம். அதற்கு முறை உண்டு. திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாள், ஆட்சியர் அலுவலகம், காலை பத்து மணி. வாசலில் போலீஸ்காரர் பையைத் திறந்து மண்ணெண்ணெய் பாட்டில் இருக்கிறதா என்று பார்ப்பார். மனுவில் என்ன இருக்கிறது என்று பார்க்கமாட்டார். உள்ளே கணினியில் எண் போட்டு ஒரு சீட்டுத் தருவார்கள். ஆட்சியரின் அதிகாரத்தைக் குறைக்கச் சொல்லும் மனுவை ஆட்சியரே வாங்கி, சிரித்த முகத்தோடு, பக்கத்தில் நிற்பவரிடம் நீட்டுவார். அது உதவி இயக்குநருக்குப் போகும். உதவி இயக்குநர் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு அனுப்புவார். தேர்தல் நடக்காத ஊராட்சிக்கு வட்டார வளர்ச்சி அலுவலர்தான் தனி அலுவலர், அதனால் தனக்குத் தானே அனுப்பிக்கொள்வார். மூன்றாவது வாரம் உங்கள் செல்போனுக்குக் குறுஞ்செய்தி வரும்: தங்கள் மனு மீது உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு முடித்து வைக்கப்பட்டது.